ஒற்றைச் செருப்பு

காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம்.
கீழ்த்தளத்தில் காருக்கு டயர் மாற்றுகிறார்கள்.
ஆறாம் மாடியில் நாங்கள் மழை செய்கிறோம்.

நாங்கள் என்ன, நான்தான்.
மழை என் வேலை.
புளோக் 418இன் நடைபாதைக்குள்
சாய்ந்து விழும் சாரல்,
மூங்கில் கழியில் துணி நனைந்து கனக்கும் விதம்,
வாசலில் கழற்றிப்போட்ட செருப்பின் குதிகால் பள்ளத்தில்
ஒரு கரண்டி நீர்,
அதில் தலைகீழாய் ஒரு டியூப்லைட்.
அந்தக் கரண்டி நீருக்கு மட்டும் ஒன்பது நாள்.

ஃபித்ரி குதியைச் செய்கிறான்.
அவன் உலகில் நிறம் கிடையாது.
சாம்பல் பெட்டிகள், சாம்பல் விளிம்புகள்,
முகமில்லாத ஒரு சாம்பல் குப்பி
தாவுகிறது, விழுகிறது, தாவுகிறது.
“இது கைக்குப் பிடித்துவிட்டால் போதும், தமயந்தி,
பெட்டியாகவே விற்கலாம்” என்பான்
கோப்பிப் பையின் ஸ்ட்ராவைக் கடித்தபடி.
“விற்றுப் பார்.
சாம்பல் பெட்டியைப் பார்த்து எவன் நிற்பான்?”
“உன் மழையைப் பார்த்து நிற்பான், சரி.
பத்து நிமிடம் கழித்து
இருப்பானா?”

இரண்டு வருடமாய் இதே.
ஏர்கான் எத்தனை டிகிரி என்று
தம்பதிகள் போடுகிற சண்டை மாதிரி,
யாராவது ஜெயித்துவிட்டால்
அப்புறம் பேச ஒன்றுமிருக்காது.

மார்ச்சில் மலிவு போன்களில் ஓட்டிப் பார்த்தார்கள்.
நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடவேண்டியது
என் மழையில் இருபத்திரண்டாய் நொண்டியது.
சூ லிங் வந்து என் மேசையோரம் நின்றாள்.
“மழையைப் பாதியாக்கு.”
தூறல் எனக்குத் தெரியும். பாதி மழை
எப்படியிருக்குமென்று தெரியாது.
ஆக்கினேன்.
துணிகளின் கனத்தை எடுத்தேன்.
இரண்டு செருப்பில் ஒன்றை அழித்தேன்.
மிச்சமிருந்த ஒன்றில்
அந்தக் கரண்டி நீரை மட்டும்
கணக்கில் காட்டாமல் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வெளியாட்களை அழைத்து ஆடவிட்டோம்.
பதினோரு பேர்.
பத்துப் பேர் செருப்பைத் தாண்டி ஓடினார்கள்,
ஒருவர்கூடக் குனியவில்லை.
ஃபித்ரி என் பக்கம் திரும்பவில்லை,
அது அவன் நாகரிகம்.

பதினோராமவர் குணாளன். பேருந்து ஓட்டுகிறவர்.
நடைபாதையில் நின்றார்.
நின்றுகொண்டேயிருந்தார்.
“ஒன்னுதான் கெடக்கு. சோடி எங்க?”

யாரும் பதில் சொல்லக்கூடாதென்பது விதி.

தேட ஆரம்பித்தார்.
படிக்கட்டில் இல்லை.
மூங்கில் கழி மேல் ஏறினார், வழுக்கினார்,
எதிர்ப் புளோக்கின் கூரைக்குத் தாவப் பார்த்தார்.
அங்கே போக முடியுமென்று ஃபித்ரிக்கே தெரியாது.
பத்தொன்பது முறை விழுந்தார்.
ஒவ்வொரு முறையும் நாக்கைச் சொடுக்கிவிட்டு
முன்னைவிட ஒரு மயிரிழை தாமதமாய்க் குதித்தார்.
இருபதாவது முறை கூரையில் இருந்தார்.
செருப்பு அங்கேயும் இல்லை.
வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் போன பிறகு ஃபித்ரி பதிவை ஓட்டிக் காட்டினான்.
“பார், விளிம்பு முடிந்துவிட்டது.
கால் காற்றில்தான் இருக்கிறது.
அப்புறமும் ஆறு ஃபிரேம் குதிக்க விடுவேன்.
யாருக்கும் சொல்வதில்லை.
கெட்டிக்காரத்தனம் என்று
அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.”

“அப்படியானால் நீயும் வரைகிறாய்.
கண்ணுக்குத் தெரியாத அரைச்சாண் தரை.”

“போடி” என்றான்.
ஆனால் பதிவை இன்னொரு முறை ஓட்டினான்,
இம்முறை கூரையை அல்ல,
அவர் செருப்பருகே நின்ற நேரத்தை.
நாற்பத்தொரு நொடி.

இப்போது போன் தாங்கும்,
இன்னொரு செருப்பை எங்காவது வைக்கலாமா
என்று சூ லிங் கேட்டாள்.
வேண்டாம் என்றோம், இரண்டு பேரும்
ஒரே நேரத்தில்.
இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாயிருந்தது.

ஏழு மணிக்குக் கீழே இறங்கினால்
பாதியாக்காத மழை.
டயர்க் கடை வாசலில் எண்ணெய் மிதக்கும் தேக்கம்,
அதில் நடுங்கும் சிவப்புப் பெயர்ப்பலகை.
நிறுத்தத்தில் பேருந்து புறப்படப் பார்த்தது.
ஓடினேன்.
நடைமேடை விளிம்பில்
ஒரு மயிரிழை தாமதமாய்க் குதித்தேன்.

சாக்ஸ் வரைக்கும் நனைந்தது.
பிரதிபலிப்பு மட்டும், என்ன சொல்ல,
அப்பழுக்கில்லை.